உள்ளே அழலும் கண்ணுக்கு எந்த ஆபரேஷன்?

சித்த வைத்தியரே ஆபரேஷனுக்குப் போகச் சொல்கிறாரே என்று நினைக்காதீங்க. நான் சொல்வது மெட்ராஸ் ஐ அல்ல. கண்ணுக்குள்ளேயே அழற்சி திரும்பத் திரும்ப வரும் யூவியாட்டிஸ். அதனால் கண் அழுத்தம் ஏறி கிளாக்கோமா ஆகிவிட்டால், நந்தியாவட்டைச் சாறு அதை இறக்காது. செத்த பார்வை நரம்பை எந்த வைத்தியமும் மீட்டுத் தராது.

சொட்டு மருந்துக்கு அடங்காவிட்டால் பெரும்பாலும் இரண்டு வழி. 1968-ல் கெய்ர்ன்ஸ் விவரித்த டிராபெக்குலெக்டமி ஒன்று. வெள்ளை விழியில் சின்ன வாசல் திறந்து, உள்நீரை மேல்சவ்வுக்கு அடியில் வடிய விடுவார்கள். நல்ல ஆபரேஷன்தான். ஆனால் அழற்சிக் கண்ணின் சுபாவமே தழும்பு போடுவது. திறந்த வாசலை அதுவே அடைத்துவிடும். மைட்டோமைசின் வைத்தாலும் அந்தப் பயம் முழுசாகப் போகாது.

அதனால், அடிக்கடி அழலும் கண்ணுக்கு ட்யூப் மேல் என்பது என் கட்சி. 1993-ல் வந்த அகமது வால்வு உடனே வேலை செய்யும். மதுரை அரோலேப் ட்யூபில் வால்வு கிடையாது. கட்டி வைப்பார்கள், திறக்க 5, 6 வாரம். விலையோ ரொம்பக் குறைவு. ட்யூபிலும் தொல்லை உண்டு. கருவிழியின் உள்பக்கம் கெடலாம், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம்.

முடிந்தால் கண் 3 மாதமாவது அடங்கியிருந்த பிறகே கத்தி வைப்பது நல்லது. ஸ்டீராய்டு சொட்டு அழுத்தத்தை ஏற்றும் என்று கேள்விப்பட்டு (உண்மைதான்) தானாகவே நிறுத்திவிடுகிறார்களே, அங்கேதான் வம்பு. அழற்சி மறுபடி கிளம்பும். கூட்டுவதோ குறைப்பதோ கண் டாக்டர் சொல்லட்டும். எங்களிடம் வாங்கிய சூரணம், லேகியம் எதுவானாலும் அவரிடம் மறைக்காமல் சொல்லிடுங்க.