ஆடியது ஒரு சீசன், வழக்காடியது 14 ஆண்டு

கொச்சி டஸ்கர்ஸ் கேரளா என்ற பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நீதிமன்றங்கள் மறக்கவில்லை. அந்த அணியின் உரிமையாளர்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் சுமார் 538 கோடி ரூபாய் தர வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பை, 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அணி ஆடியதோ 2011இல் வெறும் 14 ஆட்டங்கள். ஆறில் வென்று, பத்து அணிகளில் எட்டாவதாக வந்தது.

2008இல் ஐபிஎல்லின் முதல் எட்டு அணிகளும் சேர்ந்தே 72 கோடி டாலருக்குத்தான் விலைபோயின. இரண்டே ஆண்டில் கொச்சி அணி ஒன்றுக்கு மட்டும் 33 கோடி டாலர், அதாவது சுமார் 1,533 கோடி ரூபாய். பங்குகள் யாருக்கு என்ற சர்ச்சையில் மத்திய அமைச்சர் சசி தரூர் பதவி விலகினார். ஒரு பந்து வீசப்படும் முன்பே இவ்வளவும்.

சரி, இவ்வளவு விலை கொடுத்த அணிக்குச் சொந்த மைதானம் உண்டா? கிடையாது. கொச்சியின் கலூர் ஜவாஹர்லால் நேரு மைதானம் ஜிசிடிஏ என்ற அரசு அமைப்பினுடையது; கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பொது. ஏழு 'சொந்த ஊர்' ஆட்டங்களில் ஐந்துதான் அங்கே. மற்ற இரண்டும் மத்தியப் பிரதேசத்து இந்தூரில்!

ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஜெயவர்தனே தலைமையில் மெக்கல்லம், லக்ஷ்மண், முரளிதரன், ஜடேஜா, ஸ்ரீசாந்த் என்று கூட்டணி பலமானது. டெண்டுல்கர் தன் ஒரே ஐபிஎல் சதத்தை அடித்த நாளில், வான்கடேயிலேயே 183 ரன் இலக்கை எட்டி மும்பையை வீழ்த்தியது இந்தப் புது அணி. டெக்கான் சார்ஜர்ஸுக்கு எதிராகக் கலூரில் 11 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து மானம் போனதும் அதே மாதத்தில்தான். செப்டம்பரில், வங்கி உத்தரவாதம் தரவில்லை என்று வாரியம் அணியையே நீக்கிவிட்டது.

இப்படி ஒரே சீசனில் அணியை இழப்பது அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்கும் நடந்தது. 1969இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட சியாட்டில் பைலட்ஸ் என்ற பேஸ்பால் அணி, சிக்ஸ் ஸ்டேடியம் என்ற பழைய மைதானத்தில் தற்காலிகமாக இறங்கியது. முதல் நாளில் இருக்கைகள்கூட முழுதாகப் போட்டு முடியவில்லை. ஒரு சீசனில் திவாலாகி, அணி மில்வாக்கி நகருக்குப் போயிற்று. ஆனால் அங்கே வழக்குப் போட்டவர்கள் யார்? நகரமும் கவுண்டியும் மாநிலமும். சமரசமாக 1977இல் மரினர்ஸ் என்ற வேறோர் அணி சியாட்டிலுக்குக் கிடைத்தது.

கொச்சியில் வழக்குப் போட்டவர்கள் முதலாளிகள். தீர்ப்புப் பணமும் அவர்களுக்கே. கேரள அரசோ ஜிசிடிஏவோ ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வாங்கியிருந்தால், ஊர்க்காரனுக்கும் கேட்க ஒரு வாய் இருந்திருக்கும். அடுத்த முறை அணி விற்கும்போது, எத்தனை ஆண்டு எந்த மைதானத்தில் ஆடும் என்பதை விலைக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.

கிரிக்கெட் இங்கே ஐபிஎல் கொண்டுவந்த புதுச்சரக்கும் அல்ல. கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் கிரிக்கெட் வீரர் கேளப்பன் தம்புரான் 1950களின் தொடக்கத்திலேயே பூஜா கோப்பைக்கு ஓவர் கணக்கு வைத்து ஆட வைத்தார். ஓவர் கணக்கு வைத்த இங்கிலாந்தின் ஜில்லெட் கோப்பை வந்ததே 1963இல்.

டஸ்கர்ஸ் போன பிறகு கலூர் மைதானம் கால்பந்தின் வசம் போனது. 2014 முதல் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. 2018இல் இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்துக்காக அந்தப் புல்தரையை வெட்டப் பார்த்தபோது கால்பந்து வீரர்களும், பிளாஸ்டர்ஸின் இணை உரிமையாளராக இருந்த டெண்டுல்கரும் எதிர்த்தார்கள். ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போனது. எதிர்ப்பு நியாயம்தான், ஆனால் கிரிக்கெட்டுக்கு மாற்று இடம் எங்கே? 2025இல் கேரளா கிரிக்கெட் லீக் கோப்பையை வென்ற அணியின் பெயர் கொச்சி புளூ டைகர்ஸ். அந்தத் தொடரில் ஓர் ஆட்டம்கூடக் கொச்சியில் நடக்கவில்லை.