ஒரே நாளில் இரண்டு சோதனை!

ஐயம்பேட்டைக்காரர்களுக்குத் தறியைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவு ஒரு வீட்டிலும் ஊடை இன்னொரு வீட்டிலும் கிடந்தால் சேலை வராது. ஆள் கடத்துகிறவனைப் பிடிக்கும் வேலையும் அப்படித்தான்.

2019 ஜூலை மாதம். காஞ்சிபுரத்தை அடுத்த கோனேரிக்குப்பத்தில் மரம் வெட்டும் இடம் ஒன்றில் பல குடும்பங்கள் அடைபட்டுக் கிடப்பதாகத் தகவல் வந்தது. பக்கத்து வேலூர் மாவட்டத்திலும் இதே கொடுமை. காஞ்சிபுரம் சப்-கலெக்டரும் ராணிப்பேட்டை சப்-கலெக்டரும் ஒரே நாளில் இரண்டு இடங்களிலும் புகுந்தார்கள். 13 குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீண்டார்கள். அதில் 16 பேர் குழந்தைகள்! வாங்கியது சில ஆயிரம் ரூபாய் முன்பணம். உழைத்தது வருஷக் கணக்கில். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தைப் பத்திரிகைகளில் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஒருவர் மட்டும் முதலில் போயிருந்தால்? செய்தி பறந்திருக்கும். மற்ற இடத்தில் இருந்தவர்களை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றியிருப்பார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி நடப்பதில்லை. பையன் பள்ளிக்கு வரவில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். காணவில்லை என்ற புகார் ஒரு போலீஸ் நிலையத்தில் கிடக்கும். கொட்டகையில் புதுக் குடும்பம் வந்திருப்பது வேறொரு மாவட்டத்துக் கிராம அதிகாரிக்குத் தெரியும். மூவரும் பேசிக்கொள்வதில்லை. தரகனுக்கு இது போதும்! அவனுக்கு மாவட்ட எல்லை ஏது?

நம் பட்டுத்தறிகளும் இதற்குத் தப்பவில்லை. கோர்வைச் சேலை நெய்யப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். வெகுகாலம் அது சிறுவர்களின் கையாக இருந்தது. அப்பா வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்கார்ந்தான். 2003-ல் ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பின் அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயர் ஏறியது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

1976-ம் வருஷச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லவே செல்லாது. மீண்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதன் நகல் அவருடைய சொந்த மாவட்டத்துக்கும் உடனே போக வேண்டும். போகாவிட்டால் ரேஷன் கார்டுக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் அவர் அலைவார். அடுப்பு எரியாது. பழைய தரகனே மறுபடி வாசலில் வந்து நிற்பான், கையில் பணத்தோடு.

போலீசில் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது. அவர்களும் வருவாய்த் துறையும் தொழிலாளர் துறையும் மாதம் ஒரு தடவையாவது ஒரே மேஜையில் உட்காரட்டும். பக்கத்து மாவட்டக்காரர்களையும் கூப்பிடட்டும். பட்டியலை ஒப்பிடட்டும். மீண்ட பிள்ளைகளின் பெயர் மட்டும் வெளியே போகக் கூடாது.

உங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத ஒரு சிறுவன் பகலெல்லாம் வேலை செய்கிறானா? 1098-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது.