டீச்சரின் ஏழு பிள்ளைகள்

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வியாழன் சிரித்தபடி வீட்டுக்குப் போன டீச்சரை வெள்ளி அஸருக்குப் பின் நல்லடக்கம் செய்தோம். வயது 29. அல்லாஹ் அவருக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக.

பதாகை கட்டினோம், முகநூலில் துஆ எழுதினோம். நல்லதுதான். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியையே நாம் பேசிக்கொண்டிருந்தபோது, எழுத்துக்கூட்டத் தெரியாத ஏழு பிள்ளைகளைப் பாடசாலை விட்ட பிறகும் மரத்தடியில் வைத்து வாசிக்கப் பழக்கியவர் அவர். “ரிசல்ட்டுக்கு உதவாத வேலை” என்று ஆசிரியர் அறையில் சிரித்தவர்களும் நாம்தான்.

ஜனாஸா வீட்டில் அந்த ஏழு பேரில் ஒருவன் கேட்டான்: “இனி எங்களுக்கு ஆரு சேர்?”

கட்டிடத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்கிறார்கள். வைக்கட்டும். அதற்கு முதல் இந்தப் பிள்ளைகளுக்கு ஆள் வேண்டும். திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் எங்களில் இரண்டு பேர் மரத்தடியில் இருப்போம். வரக்கூடியவர்கள் வாருங்கள்.