வாத்து வேட்டைக்காரனிடம் ஓர் ஏரிப் பாடம்

தலைப்பைக் கண்டு புருவம் உயர்த்தும் அன்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வாத்து வேட்டைக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. காட்டு வாத்தைச் சுடுவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நாம் சொல்ல வருவது வேறு. வாத்தைக் கொல்ல விரும்பியவன், அதற்கு எத்தகைய நிலம் வேண்டும், எவ்வளவு நீர் வேண்டும், எந்த மாதத்தில் வேண்டும் என்பதையெல்லாம் பழுதறக் கற்றான். வாத்தைக் காக்கப் புறப்பட்டிருக்கும் நாமோ அவற்றில் ஒன்றையும் கேட்டறியாமல் ஏரிகளை ‘மேம்படுத்தி’க் கொண்டிருக்கிறோம். தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகளுக்கு இடையே எஞ்சியிருக்கும் ஏரிகளுக்கு இந்த அறியாமையால் வரும் கேடு சிறிதன்று.

மேலைநாடுகளில் வாத்து வேட்டைக்கு நிலம் தேர்வது தனியொரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. நிலம் வாங்க வருகிற வேட்டைக்காரன் பார்க்கும் முதற்காரியம் நீரின் பரப்பன்று, ஆழம். வலசை வரும் வாத்துகளுள் பெரும்பாலானவை மூழ்கி இரை தேடுவன அல்ல. தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை வானோக்கி நிறுத்தி, கழுத்து எட்டும் தொலைவிலுள்ள விதையையும் புழுவையும் அரித்துத் தின்பவை. ஒரு சாண் ஆழம் அவற்றுக்கு விருந்து. ஒரு முழத்துக்குக் கீழே இருப்பது எட்டாக்கனி. நம் ஏரிகளுக்கு வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் கிளுவையும், ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்தும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பத்தடி ஆழமுள்ள அகன்ற குளத்தைக் காட்டிலும், கணுக்கால் நனைய நடக்கக்கூடிய சதுப்பு நிலத்துக்கே அவன் கூடுதல் விலை கொடுப்பான்.

அவன் அடுத்துப் பார்ப்பது, நீரை விருப்பம்போல் ஏற்றவும் இறக்கவும் வழியுண்டா என்பது. ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும் நீர் வாத்துக்குப் பயன்படாது. வேனிலில் நீரை மெல்ல வடித்து, சேற்றை வெயிலுக்குக் காட்ட வேண்டும். அப்போதுதான் சேற்றில் உறங்கும் விதைகள் முளைத்துக் கோரையும் புல்லும் கதிர் கட்டும். பின்னர், பறவைகள் வருமுன் அந்தக் கதிர்க்காட்டின்மேல் ஒரு சாண் நீரைப் பரப்ப வேண்டும். அமெரிக்காவில் இவ்வாறு வடித்த நிலத்தில் நம் குதிரைவாலியின் நெருங்கிய உறவான ஒரு தினையை வாத்துகளுக்கென்றே விதைக்கிறார்கள். மதகும் மடைப் பலகையும் இல்லாத நிலத்தை அனுபவமுள்ள வேட்டைக்காரன் ஏறெடுத்தும் பாரான்.

மூன்றாவது, அமைதி. வாத்து இறங்குமுன் வானில் வட்டமிட்டு நிலத்தை ஆராயும் பறவை. சுற்றிலும் உயர்ந்த மரமும் மின்கம்பியும் ஆள் நடமாட்டமும் இருந்தால் அவ்விடத்தைத் தவிர்த்துப் போய்விடும். இதனாலேயே அறிவுள்ள வேட்டைச் சங்கங்கள் தம் நிலத்திலேயே ஒரு பகுதியைத் துப்பாக்கி நுழையாத ஓய்விடமாக ஒதுக்கி வைக்கின்றன. இரக்கத்தால் அன்று, இளைப்பாற இடமில்லாத பறவை அடுத்த நாள் திரும்பி வராது என்னும் கணக்கால்.

இம்மூன்றையும் சற்றே நினைவில் நிறுத்தி நம் ஏரியைப் பாருங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து ஏரி மேட்டிலிருந்து சரிந்துவரும் நிலத்தின் குறுக்கே வில்போல் கரையிட்டு அமைந்தது. கரையோரம் ஆழம், எதிர்ப்புறம், நீர் வந்து சேரும் மேல்வாயில், சாணும் முழமுமாக விரிந்துகிடக்கும் ஆழமற்ற நீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைகிறது, மார்கழி, தை மாதங்களில் வலசைப் பறவைகள் தங்கும் காலத்தில் பாசனத்துக்காக மதகு திறக்கத் திறக்க நீர் பின்வாங்கி, நாள்தோறும் புதிய சேற்றுவிளிம்பு வெளிப்படுகிறது, சித்திரை, வைகாசியில் உள்வாய் காய்ந்து புல் முளைக்கிறது, மாடு மேய்கிறது, மறுபடி மழை. வேட்டைக்காரன் பொருள் செலவிட்டு உண்டாக்கும் அதே சுழற்சியை நெல்லுக்காக வெட்டிய ஏரி தானாகவே தந்துகொண்டிருந்தது. இரவில் இரை தேட வயல், பகலில் இளைப்பாற ஏரி; இரண்டும் ஒரே மதகின் இருபுறம்.

நம் நாட்டில் வாத்து வேட்டைக்கென்றே நிலத்தைத் திருத்தியமைத்ததற்கு மிகப் பெரிய சான்று இராசத்தானத்துப் பரத்பூர். 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் காலத்தில் எழுந்த அஜான் அணையின் அருகே இயற்கையான பள்ளம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தார் அப்பள்ளத்தைக் கரைகளால் பல பாத்திகளாகப் பிரித்து, வாய்க்கால் வெட்டி, மதகுகள் வைத்து, வாத்துகளுக்கான சதுப்பாக மாற்றினார்கள். 1902இல் வைஸ்ராய் கர்சன் பிரபுவின் வருகையோடு பெருவேட்டைகள் தொடங்கின. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் ஒரே நாளில் வீழ்ந்த பறவைகள் 4,273. இந்த எண்ணிக்கைகளைப் பொறித்த கற்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. படிக்கையில் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. ஆயினும் இன்று உலகம் வியக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா, 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அதே சதுப்பு, அந்த வேட்டை நிலம்தான் என்பதையும் மறுக்க இயலாது.

பரத்பூரின் பிற்காலக் கதையில் நமக்கு மற்றொரு பாடமும் உண்டு. பூங்கா தேசியப் பூங்காவானபின் 1982இல் மாடு மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தார்மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. தடைக்குப் பின் நடந்தது என்ன? எருமைகள் தின்று கட்டுப்படுத்தி வந்த புல், நீர்ப்பரப்பை மூடி வளர்ந்தது. திறந்த நீர் சுருங்கியது. வாத்துகளுக்கு இடம் குறைந்தது. மேய்ச்சல் அந்தச் சதுப்புக்குத் தேவை என்ற முடிவுக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வும் வந்து சேர்ந்தது. காப்பது என்றால் வேலியிட்டு விட்டுவிடுவது என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். சதுப்பு நிலத்துக்கு அன்றாடம் கைவேலை வேண்டும்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் இந்தக் கைவேலைக்குக் காசும் கொடுத்தார்கள். 1930களின் வறட்சியில் வாத்துகள் அருகியபோது, 1934இல் ஒரு சட்டம் வந்தது. நீர்ப்பறவை வேட்டையாடும் பதினாறு வயது நிரம்பிய எவரும் ஆண்டுதோறும் ஒரு ‘வாத்து வில்லை’ வாங்கியாக வேண்டும். அந்தப் பணம் சதுப்பு நிலங்களை வாங்கப் பயன்பட்டது. இதுவரை காக்கப்பட்ட நிலம் 60 இலட்சம் ஏக்கர் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. வாத்தின்மேல் அன்பு கொண்டோர் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. வாத்து இல்லாவிட்டால் யாருக்கு இழப்பு என்று கேட்டு, அவரிடம் பணம் பெற்றார்கள்.

அந்தக் கேள்விக்கு நம் மண்ணிலும் பழைய விடை ஒன்று உண்டு. வேடந்தாங்கல் என்னும் பெயரைப் பிரித்தால் முன்னே நிற்பவன் வேடன். ‘தாங்கல்’ என்பது சிற்றேரி. வேடனின் பெயரால் வழங்கும் அந்த ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டனர். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளுக்குக் காப்பளித்துக் கவுல் எழுதிக் கொடுத்தார். கிராமத்தார் ஏன் முறையிட்டார்கள்? பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாயிற்று. உழவனின் பயனும் பறவையின் பிழைப்பும் ஒரே மதகு வழியாக ஓடின. நாட்டில் காடுகளுக்கும் விலங்குகளுக்கும் சட்டங்கள் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்தச் சிற்றேரி காக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே.

இப்போது தண்டலத்துக்கு வருவோம். ‘தண்டலை’ என்னும் பழஞ்சொல்லுக்குச் சோலை என்று பொருள். அச்சொல்லை நினைவூட்டும் பெயருடைய இவ்வூரைச் சுற்றி இன்று இருப்பவை தொழிற்பேட்டைகள். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் மற்றொன்று. வேலை வந்தது, வாடகை வந்தது, சாலை வந்தது. அவற்றை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயக்கட்டு மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிய இடங்களில் ஏரிக்கு இருந்த உழவர்கள் போய்விட்டார்கள். மதகைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. வரத்துக்கால் அடைபட்டால் சண்டையிட ஆளில்லை. ஏரி இருந்தாலும் அதனால் வாழ்பவர் எவருமில்லை.

அந்த வெற்றிடத்தில் ‘மேம்பாடு’ வந்து நுழைகிறது. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டம், பெருநிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. அதிலொரு பகுதி ஏரிகளுக்கு வருவது மகிழத் தக்கதே. ஆனால் வேலையோ எங்கும் ஓரச்சில் வார்த்ததாகவே இருக்கிறது. பொக்லைன் இறங்கி ஏரியை ஒரே ஆழத்துக்குத் தோண்டும்; மண்ணைக் கரையில் குவித்து நடைபாதை போடும்; கரைச்சரிவில் கல் பதிக்கும்; விளக்குக் கம்பம் நடும்; நடுவே மண்திட்டு எழுப்பி மரக்கன்று வைத்து ‘பறவைத் தீவு’ என்று பலகை மாட்டும். வேட்டைக்காரன் ஒருவனை அழைத்து இந்த ஏரியைக் காட்டினால், ‘இங்கே வாத்து இறங்காது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். செங்குத்தான கரையில் இரைக்கான சேறு இல்லை. நீர் ஆழம். தீவின் மரங்கள் நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் கூடு கட்ட உதவும். திறந்த வெளியைத் தேடும் வாத்துக்கு உதவா. தரையிலுள்ள புற்புதரில் முட்டையிடும் புள்ளிமூக்கு வாத்துக்குக் கல் பதித்த கரையில் இடமேது? மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கும் குள்ளத்தாராவுக்கு நேற்று நட்ட கன்றில் பொந்தேது?

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவோம். குடிநீர் வேண்டாமா, வெள்ளத்தைத் தாங்க ஆழம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். பக்கத்திலேயே 24 அடி நீரைத் தாங்கும் செம்பரம்பாக்கம் சென்னையின் தாகம் தணிக்கிறது; 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் கண்டவர்கள் தூர் வாருவதை எதிர்க்க மாட்டார்கள். நாம் கேட்பது ஆழத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும். கரையை ஒட்டி, மதகருகே, எவ்வளவு வேண்டுமானாலும் தூர் வாரட்டும். பழைய குடிமராமத்தும் வண்டல் சேரும் இடத்தில்தான் கைவைத்தது. மேல்வாய்ச் சரிவை மட்டும் சரிவாகவே விட்டுவைக்கட்டும். அங்கே சீமைக்கருவேலத்தை வெட்டுவது, ஆகாயத்தாமரையை அகற்றுவது, வரத்துக்காலைத் திறந்துவிடுவது ஆகிய மூன்று வேலைகளும் நடைபாதையைவிட மலிவானவை. நடைபாதையும் வேண்டுமென்றால் ஒரு கரையில் மட்டும் இருக்கட்டும்; எதிர்க்கரை இருளிலும் அமைதியிலும் கிடக்கட்டும். கோடையில் மாடு மேயட்டும்.

மற்றொன்றும் கேட்கிறோம். ஏரி மேம்பாட்டுக் குழுக்களில் பொறியாளர் இருக்கிறார், அதிகாரி இருக்கிறார், நிதி வழங்கும் நிறுவனத்தின் பிரதிநிதி இருக்கிறார். எந்த நீரில் எந்தப் பறவை எந்நேரம் இறங்கும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்த நரிக்குறவர் ஒருவரை எந்தக் குழுவிலாவது கண்டதுண்டா? வைஸ்ராயின் வேட்டைக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்திருக்கும் நாடு, வயிற்றுக்காக வேட்டையாடியவரின் அறிவை ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. அம்மக்கள் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2023இல்தான். அவர்களைத் துப்பாக்கியோடு அன்று, கூலியோடும் மரியாதையோடும் கரைக்கு அழைத்து, ‘இந்த ஏரியில் என்ன குறை?’ என்று கேட்டுப் பார்க்கலாம். காவலராகவும் கணக்கெடுப்பாளராகவும் அவர்களையே அமர்த்தலாம். ஏரியால் வாழ்பவர் என்று சொல்ல அப்போது சிலராவது இருப்பார்கள்.

குமரியில் இரை உண்டு வடதிசை செல்லும் அன்னத்திடம் நட்பின் செய்தி சொல்லிவிட்டவர் பிசிராந்தையார். வடக்கே திரும்பும் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லியனுப்பியவர் சத்திமுத்தப் புலவர். இரண்டையும் வகுப்பில் நயம்பட விளக்குகிறோம், மாணவரும் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். தூது செல்லும் பறவை இடைவழியில் இறங்கி இரை கொள்ள ஒரு சாண் நீர் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம் இது. அடுத்த கோடையில் உங்கள் ஊர் ஏரிக்குப் பொக்லைன் வருமானால், வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேல்வாயில் எத்தனை அடி தோண்டப் போகிறார்கள் என்பதை மட்டுமாவது கேளுங்கள்.