மலையில்லாத கரையில் மலை வரையும் பிள்ளைகள்

சென்னையின் கடலோரப் பட்டினப்பாக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "உனக்குப் பிடித்ததை வரை" என்று சொன்னால், பெரும்பாலும் என்ன படம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன். கீழே வளைந்து ஓடும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. இந்தக் கரையில் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. இங்குள்ள சீனிவாசபுரத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். ஆனாலும் தாளில் மலைதான் எழும்புகிறது.

அந்தப் படம் கரும்பலகையிலிருந்தும் அக்காவின் நோட்டிலிருந்தும் வந்தது. படம் என்றால் யாரோ ஏற்கெனவே வரைந்ததைப் பார்த்து வரைவது என்று பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறது. செய்முறைக் கலை வகுப்பு இதற்கு வேறான ஒன்று. பிள்ளை ஒரு பொருளைத் தன் கையால் பிசைந்து, கிழித்து, ஒட்டி, வண்ணம் பூசி, தான் நினைத்ததை உருவாக்கும் வகுப்பையே இங்கே அந்தப் பெயரால் குறிப்பிடுகிறோம்.

இதை யார் நடத்துவது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டும். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்களும் அந்த வகுப்புகளுக்குத்தான். ஆகவே தொடக்கப் பள்ளியில் தமிழும் கணக்கும் நடத்தும் வகுப்பு ஆசிரியரே கலைக்கும் ஆசிரியர். "எனக்கே வரைய வராது, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த வயதுக்குத் தேவைப்படுவது ஆசிரியரின் ஓவியத் திறமை இல்லை. பிள்ளைகள் எப்படி வரைகிறார்கள் என்பது கொஞ்சம் தெரிந்தால் போதும்.

ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா சென்ற கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியிட்ட நூலில் இதைப் படிநிலைகளாகப் பிரித்தார். 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை, தலையிலிருந்தே கையும் காலும் முளைக்கும் மனிதர்கள். 7 முதல் 9 வரை 'அடிக்கோடு', அதாவது தாளின் கீழே ஒரு கோடு போட்டு, எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்துவது. 9 வயதுக்கு மேல், பார்ப்பது போலவே வரைய வேண்டும் என்ற ஆசை வருகிறது. வயதுக் கணக்கு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். வரிசை ஓரளவு நிற்கிறது.

ஏழு வயதுப் பிள்ளை ஃபைபர் படகு ஒன்றை வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். படகின் பக்கப்பலகை வழியாக உள்ளே குவிந்த மீனும் வலையும் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரின் விசிறியும் தெரியும். இதை 'ஊடுருவுப் படம்' என்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதாகத் தனக்குத் தெரிந்ததைப் பிள்ளை வரைந்திருக்கிறது. படகில் எது எங்கே இருக்கும் என்ற அறிவு முழுக்க அந்தத் தாளில் இருக்கிறது. இதைச் சிவப்பு மையால் திருத்துவது வீண் வேலை. ஒன்பது பத்து வயதில், அதாவது நான்காம் ஐந்தாம் வகுப்பில், "எனக்கு வராது மிஸ்" என்ற பேச்சு தானாகவே தொடங்கிவிடும். அதற்கு முன்பே நாம் தொடங்கிவைக்க வேண்டியதில்லை.

பென்சிலைவிடக் களிமண் இந்த வயதுக்கு எளிது. விநாயகர் சதுர்த்தி சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளில் களிமண்ணை அச்சில் அழுத்திப் பிள்ளையார் எடுத்துத் தருவதை இந்தப் பகுதிப் பிள்ளைகள் பலரும் பார்த்திருப்பார்கள். அதே மண்தான். களிமண்ணின் துகள்கள் மிகச் சிறிய தகடுகள். இடையில் தண்ணீர் இருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். அதனால்தான் பிடித்த பிடிக்கு மண் வளைகிறது. கடற்கரை மணலின் துகள்கள் உருண்டையானவை, பெரியவை. ஈரம் இருக்கும்வரைதான் அவை சேர்ந்து நிற்கும். மணல் வீடு காய்ந்ததும் சரிகிறது, களிமண் காய்ந்ததும் இறுகுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

தொடங்க ஒரு எலுமிச்சை அளவு உருண்டை போதும். அதை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டை விரலை நடுவில் அழுத்த வேண்டும். பிறகு உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி, கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் சுவரைக் கிள்ளிக்கொண்டே வந்தால் சிறு கிண்ணம் உருவாகும். விளிம்பு வெடித்தால் ஈர விரலால் தடவலாம். தண்ணீர் அதிகமானால் சுவர் தொய்ந்து உட்காரும். எவ்வளவு ஈரம் தேவை என்பதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் யானை செய்யலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தும்பிக்கையைச் சும்மா ஒட்டிவைத்தால், காயும்போது மண் சுருங்கி, ஒட்டிய இடத்தில் பிளந்து விழும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த சேற்றைத் தடவி அழுத்தினால் நிற்கும். ஆசிரியர் இதைத் தன் உருண்டையில் செய்து காட்டலாம். காட்டி முடித்ததும் அதை மறுபடியும் உருண்டையாகப் பிசைந்துவிடுவது நல்லது. மேசையில் ஆசிரியரின் யானை நின்றால், வகுப்பில் முப்பது யானையும் அதே மாதிரி நிற்கும்.

நுட்பத்தை எவ்வளவு சொல்லித்தருவது, எவ்வளவு விட்டுவிடுவது என்ற வாதம் பழையது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சீசெக் 1897இல் சிறுவர் கலை வகுப்பு தொடங்கினார்; பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட வேண்டும் என்பது அவர் கட்சி. மறு கட்சியைச் சேர்ந்தவர் பட்டினப்பாக்கத்துக்கு அக்கரையிலேயே தங்கியிருந்தார். 1939இல் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி அளித்தார். அடையாற்றின் முகத்துவாரத்தைத் தாண்டினால் அந்தச் சபையின் தோட்டம்தான். ஓவியத்தை நேரடியாகச் சொல்லித்தருவதைவிட முதலில் கையைப் பழக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உலோகச் சட்டங்களில் உள்ள வடிவங்களைச் சுற்றிக் கோடிழுத்து, உள்ளே நெருக்கமாகக் கோடுகளால் நிரப்பும் பயிற்சியை அவர் முறையில் இன்றும் காணலாம். கோலம் போடும் வீடுகளில் இந்தச் சண்டைக்கு இடமே இருந்ததில்லை. புள்ளி வைத்துக் கை பழகுகிறது. பழகியபின் சிக்குக் கோலத்தில் புதுச் சுழி போடுகிறது.

கையால் செய்து கற்பது சென்னைப் பள்ளிகளுக்கும் புதிதில்லை. 2003இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்பு மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் கைக்கு எட்டும்படி சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை அமைத்தது அப்போதுதான். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் முகமூடி, பொம்மை, பாட்டு எல்லாம் உண்டு. அவற்றில் கலை பெரும்பாலும் எழுத்துக்கும் எண்ணுக்கும் துணை போகிறது. பயனுள்ள வேலைதான். ஆனால் கதைக்கு வேண்டிய முகமூடி எப்படி இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. களிமண் கிண்ணத்தில் அந்த முடிவு பிள்ளையுடையது. ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

களிமண் வகுப்புக்கு உண்மையான தடை வேறு இடத்தில், நேரத்தில் இருக்கிறது. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். செய்தித்தாள் விரித்து மண்ணைப் பங்கிட 10 நிமிடம். குழாயடியில் வரிசையாகக் கை கழுவ இன்னொரு 10. மிஞ்சுவது 20 நிமிடம். கிண்ணம் பாதியில் நிற்கும். இரண்டு பாடவேளையைச் சேர்த்தால் 80 நிமிடம். பங்கிடவும் கழுவவும் அதே 20 போக, 60 நிமிடம் கையில் இருக்கும். வேலைக்கான நேரம் மூன்று மடங்காகிறது. வகுப்பிலேயே இரண்டு வாளித் தண்ணீர் வைத்தால் குழாயடிக் கூட்டமும் குறையும்.

மற்ற பொருள்களுக்குப் பெரிய செலவு இல்லை. பழைய செய்தித்தாள், மைதாப் பசை, அச்சுப் பதிக்க முற்றிய வெண்டைக்காய், பனையோலை போதும். கடற்காற்றில் காயவைத்த தாள் பறக்கும் என்பதால் மேலே கல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்முறைக் கலை எல்லாப் பிள்ளைகளையும் கலைஞராக்கிவிடும் என்று சொல்ல இயலாது. அப்படிச் சொல்லவும் தேவையில்லை. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போது, கலைக்கு உரிய பாடவேளைகளை வாரத்தில் ஒரு நாளாவது அடுத்தடுத்துப் போடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கொண்டுவருவதைப் பார்த்து "இது என்ன, நாயா பூனையா?" என்று கேட்காமல், "எப்படிச் செஞ்சே, சொல்லு" என்று கேளுங்கள்.