தீப்பெட்டிச் சிறுத்தைக்கு என்ன விலை?

நாட்றாம்பாளையத்துப் பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்குகிறவர் அதன் மேலிருக்கும் விலங்குக்கென்று தனியாகக் காசு கொடுப்பதில்லை. முன்பு ஐம்பது காசாகவும், 2007 முதல் ஒரு ரூபாயாகவும் இருந்த பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. யானையோ கிளியோ சிறுத்தையோ, எல்லாம் ஒரே விலைதான். ஆனால் அந்தப் படத்தின் பழைய பிரதி ஒன்றைக் கண்ணாடித் தாளில் வைத்து 'இந்தியப் பாப் கலை' என்று பெயர் சூட்டிவிட்டால் பேரம் வேறாகிவிடுகிறது. இந்தப் பெயர்சூட்டல்மீதுதான் நமக்கு வழக்கு.

பாப் கலை என்றதும் எல்லோரும் ஆண்டி வார்ஹோலிடம் போய் நிற்கிறார்கள். 1983இல் அவர் 'அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள்' என்னும் தலைப்பில் பத்து விலங்குகளைத் திரை அச்சில் வெளியிட்டார். ஆப்பிரிக்க யானை, சைபீரியப் புலி, பாண்டா என நீளும் அவ்வரிசையில் படத்துக்கு 150 பிரதிகள்; ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் எண்ணும் உண்டு. அங்கே விலை நிற்பது இவ்விரண்டின்மீது. நம் தீப்பெட்டிப் படத்துக்கோ எண்ணும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. இலட்சக்கணக்கில் அச்சாகி, தீக்குச்சியோடு தீர்ந்துபோவதற்கென்றே பிறந்தது அது. கடைச்சரக்கின் உருவத்தைக் கலைக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார் வார்ஹோல். இங்கோ படம் கடைச்சரக்காகவே பிறந்து அப்படியே மடிந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது படிப்பில்லாத வேலை என்றே சொல்வோம்.

'சீட்டா ஃபைட்' பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதன், எதிரே பாயும் புள்ளி விலங்கு. சீட்டா என்பது சிவிங்கி; அஞ்செட்டிக் காட்டை அருகில் வைத்திருக்கும் நாம் அதைப் பார்த்ததும் சிறுத்தை என்றுதான் சொல்கிறோம். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகளெனக் கருதப்படும் மூன்றும் 1947இல் சுடப்பட்டன. 1952இல் அந்த இனம் இங்கே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொண்டுவரும் வரையில் நம் காடுகளில் இல்லாத விலங்கு, நம் சட்டைப்பைகளில் மட்டும் திரிந்துகொண்டிருந்தது. இந்த வரலாற்றைக் கேட்கும் சேகரிப்பாளரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. மூலை மடங்கியிருக்கிறதா, பசை படாத தாளா, வண்ணம் பிசகிய பிழைப் பிரதியா என்பவையே அவர்கள் கேள்விகள்.

பசை படாத தாளுக்கு விலை அதிகம் என்பதில் ஒரு கொடுமையும் உண்டு. ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பின்னாளில் அப்பெட்டிகளுக்குத் தாள் ஒட்டிய கைகளில் குழந்தைகளின் கைகள் எத்தனை! 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் அளவுக்கு அது பெருகியிருந்தது. ஒட்டிய கையின் தடம் இருந்தால் 'சேதம்', இல்லாவிட்டால் 'அருமை' என்று விலைப்பட்டியல் எழுதுகிறவருக்கு நெஞ்சு உறுத்தாதா?

வரைந்தவர் கதி இன்னொன்று. தீப்பெட்டித் தொழில் செழித்த கோவில்பட்டியிலேயே வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) நாட்காட்டித் தெய்வங்களின் கீழே தம் பெயரை எழுத முடிந்தது. இன்று ஆய்வாளர்கள் அவரைத் தேடிப் படிக்கிறார்கள். தீப்பெட்டி விலங்கை வரைந்தவருக்கோ பெயரெழுத இடமே இல்லை. அச்சகத்தின் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரைக் கேட்டாலும் சில பெயர்களேனும் கிடைக்கும். அவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். நம் சேகரிப்பாளர்களோ ஏலத்தில் இருக்கிறார்கள்.

'விலை வந்தால்தானே காப்பாற்றுவார்கள்' என்பது அவர்கள் தரப்பு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் அவர் சேர்த்து வைத்தது எந்த ஏலக்கடையை நம்பி? அவர் மறைந்தபின் 1994இல் அச்சேகரிப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

தீப்பெட்டிப் படம் வைத்திருக்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது இதுதான்: படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் விலையைக் குறிக்கிறீர்களே, அந்த இடத்தில் அச்சகம், ஊர், ஆண்டு, வரைந்தவர் பெயர் என்று நான்கு குறிப்புகள் எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். விலையை வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம்.