மருமகளுக்கு ஓர் அறை

கதை எழுதுகிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. பெரும்பாலும் அது மனு எழுதித் தருகிறவனுக்குக் கிடைக்கிற மரியாதைதான். ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனதிலிருந்து பாகப்பிரிவினை வரையில் என்னிடம் வந்த வழக்குகள், நான் எழுதிய நாவல்களைவிட அதிகம். அப்படித்தான், எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பையும் கையுமாக வந்து சேர்ந்தார். பைக்குள் எட்டாக மடித்த காகிதம் ஒன்று.

"தம்பி, இதுல இல்லைன்னு எழுதியிருக்காங்களாம். எதை இல்லைன்றாங்கன்னு பாத்துச் சொல்லுப்பா."

பார்த்தேன். இல்லை என்று சொல்லப்பட்டது ஓர் அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. பெரியவரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டில் இருப்பதோ ஒரே அறையும் ஒரு தாழ்வாரமும். அதில் பெரியவர், அவர் மனைவி, தங்கை, இரண்டு பெண்கள், கல்யாணப் பிள்ளை ஆக ஆறு பேர். வருகிற பெண் எங்கே படுப்பாள் என்ற கேள்வி எழுந்து, பின்புறம் ஓர் அறை எடுப்பது என்று முடிவாகி, செங்கல்கூட வந்து இறங்கிவிட்டது. மனுவும் போட்டார்கள், அதுதான் அவர்கள் செய்த தவறு என்று அக்கம்பக்கத்தார் பிற்பாடு சொன்னார்கள். கேட்காமல் கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்களாம்!

பதில் சுருக்கமாக இருந்தது. வீடு ஏரியின் உயர் அலைக்கோட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கிறது. அது கட்டடம் கூடாத பகுதி. ஏற்கெனவே அனுமதி பெற்ற கட்டடமாயின் பழுது பார்க்கலாம், இடித்தும் கட்டலாம், ஆனால் அடித்தளப் பரப்பு கூடக் கூடாது. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

இந்த வாசகம் ஒரு குமாஸ்தாவின் கற்பனை அன்று. 1991-ல் முதலில் வந்து, 2011 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்ட மத்திய சர்க்காரின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் உள்ளதே. அலுவலகத்தார் விதியைப் புரட்டிக் காட்டிவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. என் சண்டை விதியோடு.

"அனுமதி பெற்ற கட்டடம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீடு நிற்கிற நத்தத்தில் பெரியவரின் பாட்டனார் ஓலைக் குடிசை போட்டார். அப்பா மண்சுவர் எழுப்பினார். இவர் செங்கல் வைத்தார். பாட்டனார் யாரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்? ஏரியிடமா? இந்த ஏரியில் எந்த ஊர்க்காரன் எந்த நாளில் எந்தப் பகுதியில் வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் "பாடு" என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருந்து வருகிறது. தண்ணீரையே பங்கு போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, கரையில் ஒரு சுவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்றென்று நாம் நினைக்கிறோம்.

அடுத்தது உயர் அலைக்கோடு. பழவேற்காட்டு ஏரி, ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நம் தேசத்தில் பெரிய உப்பங்கழி. பெரியதே தவிர ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். மழைக்காலத்தில் கரையேறி வரும். கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகக் கிடக்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடலின் ஏற்றவற்றம் ஏரிக்குள் சரியாக வருவதேயில்லை. தூர் வாருங்கள், வாருங்கள் என்று மீனவர்கள் கத்திக்கொண்டே இருப்பது அதனால்தான். அலையே வராத மாதங்களுக்கும் சேர்த்து ஒரு அலைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. பெரியவர் என்னிடம் கேட்டார்: "அந்தக் கோடு எங்க வீட்டாண்ட எங்க போவுது, கொஞ்சம் காட்டேன்." என்னால் காட்ட முடியவில்லை. காட்டக்கூடியவர்கள் குப்பத்துக்கு வந்ததில்லை.

இந்த இடத்தில் படித்த நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அப்படியானால் சட்டமே வேண்டாம் என்கிறாயா? 2004 டிசம்பர் 26-ஐ மறந்துவிட்டாயா?" மறக்கவில்லை ஐயா. சட்டம் வேண்டும், இன்னும் கறாராகவே வேண்டும். நாளைக்கே அதை நீக்கினால் ஏரிக்கரைக்கு முதலில் வருகிறவன் இந்தப் பெரியவரின் மருமகள் அல்ல, உல்லாச விடுதிக்காரன். கொச்சிக்கு அருகே மரடில் கழிக்கரையில் எழுப்பிய அடுக்குமாடி வீடுகளை, சுப்ரீம் கோர்ட் 2019-ல் இட்ட உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். அந்த மாடிகளையும் இந்தப் பத்தடி அறையையும் ஒரே தராசில் வைப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன். தராசும் ஒன்றாக இல்லை என்பதுதான் வேடிக்கை.

இறால் பண்ணை விவகாரத்தைப் பாருங்கள். சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், சிலிகா ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் ஆயிரம் மீட்டருக்குள் இறால் குட்டையே கூடாது என்று பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. பிறகு என்ன நடந்தது? 2005-ல் பார்லிமெண்ட் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து, கடற்கரை அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்கு என்றுமே பொருந்தியதில்லை என்று பின்தேதியிட்டு எழுதிக்கொண்டது. இறாலுக்காகக் காலத்தையே பின்னோக்கித் திருப்ப முடிந்தது. மருமகளுக்காக ஒரு சுவரைப் பன்னிரண்டடி பின்னோக்கித் தள்ள முடியவில்லை.

ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 330 ஏக்கரில் இருப்பதை ஆறாயிரம் ஏக்கருக்கும் மேலாக விரிக்க வேண்டும் என்று விண்ணப்பம். மக்கள் எதிர்த்தார்கள், 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிப் போயின. அது கிடைக்குமா கிடைக்காதா என்பது வேறு சங்கதி. கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறதல்லவா? துறைமுகம் தண்ணீரோரத்தில்தான் இருக்க முடியும் என்று விதியே ஒப்புக்கொண்டு அதற்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. மீனவன் வீடு தண்ணீரோரத்தில் இல்லாமல் மலையடிவாரத்திலா இருக்கும்?

மீனவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. 2011 அறிவிக்கையில் கடலோரத்தில் நூறிலிருந்து இருநூறு மீட்டர் வரையில் அவர்கள் வீடு கட்டிக்கொள்ளச் சலுகை உண்டு. அதற்கு முதலில் மாநில சர்க்கார் அவர்களைக் கலந்து ஒரு முழுத் திட்டம் தயாரிக்க வேண்டும். சலுகை கடலோரத்தானுக்கு, ஏரிக்கரையான் அதில் சேர்த்தியில்லை. 2019-ல் வந்த புதிய அறிவிக்கை ஏரிக்கரையில் நூறை ஐம்பதாகக் குறைத்தது. ஆனால் மாநிலத்தின் வரைபடம் அதன்படி திருத்தி ஏற்கப்பட்ட பிறகே அது செல்லும். அதிலே இன்னொரு அழகு: கிராமப்புறக் கரையில் மீனவர்கள் தங்கள் வீட்டில் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைத்துச் சம்பாதிக்கலாம், அடித்தளப் பரப்பை மட்டும் மாற்றக் கூடாது. இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார்.

"அப்ப மருமகளை டூரிஸ்ட்டுன்னு எழுதிடலாமா?"

மேல்முறையீட்டுக்கு வருகிறேன். கட்டட அனுமதி மறுப்பு என்றால் 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஓரிடம். சுற்றுச்சூழல் மறுப்பு என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். கட்டணம் ஆயிரம் ரூபாய், கெடு முப்பது நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது. இது எந்த மறுப்பு? நான் விசாரித்த இரண்டு வக்கீல்கள் இரண்டு கதவைக் காட்டினார்கள். வந்த காகிதத்திலோ ஒரு கதவுகூட இல்லை. போதாக்குறைக்கு விதியை இங்கிலீஷில் அப்படியே பெயர்த்து எழுதியிருந்தது. பெரியவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்ததில் இருபத்திரண்டு நாள் போயிருந்தது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. மறுப்பைத் தமிழில் எழுதுங்கள். எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று அதன் அடியிலேயே எழுதுங்கள். 2011 அறிவிக்கைப்படி ஜில்லா கலெக்டர் தலைமையில் அமையும் குழுவில் கரையோர மக்களின் பிரதிநிதிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இம்மாதிரி மனுக்களை அவர்கள் எதிரே வைத்து, குப்பத்துக்கே போய் விசாரியுங்கள். பரம்பரையாகக் குடியிருக்கிற மீன்பிடிக் குடும்பத்துக்கு, விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாதென்ற நிபந்தனையோடு, ஓர் அறை சேர்க்க விதியில் ஒரு வரி எழுதுங்கள். துறைமுகத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு ஒரு வரி எழுதக் கை வலிக்காது.

மனுவை எழுதி, இரண்டு கதவுகளுக்குமாக இரண்டு பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். ரசீது என் மேஜையில் இருக்கிறது. கல்யாணம் வைகாசியில் நடந்தது. பையனும் பெண்ணும் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவன் பாட்டுக்குப் போகிற நாளில் இரவு இரண்டு மணிக்கே எழுந்து ஏரிக்கு வருகிறான். கொல்லையில் செங்கல் அடுக்கியபடியே கிடக்கிறது, அதில் கோழி முட்டையிடுகிறது. போனவாரம் போயிருந்தபோது சும்மா அடியெடுத்து அளந்து பார்த்தேன். அந்த அடுக்கு பத்தடி நீளம் இருந்தது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.